முதுகுக்குப் பின் மூடிய கை

மழை தன் பாட்டை முடித்துக்கொண்டு போயிற்று; பனி இன்னும் வந்து சேரவில்லை. இரண்டுக்கும் நடுவில் யாரும் உரிமை கொண்டாடாத சில கிழமைகள் உண்டு. கூதிர் என்று பழையவர்கள் பெயரிட்ட அந்நாட்களில், வானம் எதையோ நினைவுக்குக் கொண்டுவர முயன்று முடியாமல் தாழ்ந்து நிற்கும். இலை உதிரும், உதிர்வது மரத்துக்கே தெரியாதது போல் உதிரும். வெயில் வரும், துக்க வீட்டுக்குக் கடமைக்காக வந்த உறவினரைப் போல வாசலில் தலையைக் காட்டிவிட்டுப் போய்விடும். வாடை மட்டும் அவசரமில்லாமல் தெருத்தெருவாக நடந்து, கதவிடுக்குகளில் நுழைந்து, தனியாக இருப்பவர்களைத் தேடிக் கண்டுபிடிக்கும். பேசவேண்டியதைப் பேசாமல் விட்டவர்களுக்கு அது பொல்லாத பருவம்.

டென்னிஸ் ஆடிப் பிழைப்பவர்களின் உடம்பும் அந்தப் பருவத்தை அறியும். ஆண்டின் கடைசிப் பெரிய போட்டி அப்போதுதான் நடக்கிறது. பந்து காற்றின் ஈரத்தைக் குடித்துக் கனத்துப்போகும். பழைய காயங்கள் ஒவ்வொன்றாக எழுந்து தங்கள் இருப்பைச் சொல்லும்.

இறுதி ஆட்டத்தன்று காலையில் நெட்டை, அரங்கின் அடியில் இருந்த நரம்பு கட்டும் அறைக்குள் நுழைந்தாள். அறைக்கு ஜன்னல் கிடையாது. சுவரோரம் நரம்புச் சுருள்கள் அடுக்கியிருந்தன. நடுவில் இருந்த இயந்திரத்தில் அவளுடைய மட்டை நாலு பக்கமும் பிடிபட்டு மல்லாந்து கிடந்தது. அவளுடைய அண்ணன் அதன்மேல் குனிந்து, குறுக்கு நரம்பை நெடுக்கு நரம்புகளுக்கு மேலும் கீழுமாகக் கோத்துக்கொண்டிருந்தான். இருபது ஆண்டுகளாக நரம்பு அறுத்த விரல்கள். நான்கில் ஒட்டுப்பட்டை சுற்றியிருந்தது.

"எவ்வளவு இழுக்கட்டும்?"

"உனக்குத் தெரியாததா? நீயே பார்த்து வை."

"பந்து கனமா இருக்கு. ஒரு பவுண்டு குறைக்கிறேன். அப்புறம் ‘அண்ணன் மட்டையைக் கெடுத்துட்டான்’னு ஊர் பூரா சொல்லிட்டுத் திரியாத."

"சொல்லாமலா? தோத்தா யார் மேலயாவது போட்டாகணும்ல."

அண்ணன் சிரிக்கவில்லை. கட்டி முடித்த நரம்பை விரலால் தெறித்து, யாழ் கூட்டுகிறவனைப் போலக் காதைச் சாய்த்துக் கேட்டான். பிறகு தலையை நிமிர்த்தாமலே சொன்னான்:

"அவ வந்திருக்கா."

நெட்டை சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"உன்கிட்ட சொன்னாளா, வரேன்னு?"

"எங்கிட்ட எதுக்குச் சொல்லணும்? காலைல பார்த்தா ரயிலுக்குக் கிளம்பி நிக்கிறா. நானும் வாயைத் திறக்கல. திறந்தா செருப்பைக் கழட்டிட்டு உள்ள போயிடுவா. தெற்குப் பக்கம், ஏழாவது வரிசை."

தெற்குப் பக்கம் என்றால், அங்கிருந்து சர்வீஸ் போடுகிறவளுக்கு நேர் பின்னால். அங்கே உட்கார்ந்தால் வலைக்கு முன் நிற்பவளின் முகம் தெரியாது; முதுகுதான் தெரியும்.

"ஏதாவது சொன்னாளா?"

"டிக்கெட்டைக் காட்டி, ‘இது எந்த வாசல்?’னு கேட்டா. அவ்வளவுதான்."

அவ்வளவே போதும் என்று தோன்றியது நெட்டைக்கு. பதினான்கு மாதமாக அவளுக்கு அந்த அளவும் கிடைக்கவில்லை.

*

நெட்டைக்கு முப்பத்துநான்கு வயது. உயரத்தைப் பார்த்து யாரோ ஒருமுறை நெட்டை என்று கூப்பிட, அந்தப் பெயர் பெற்றோர் வைத்த பெயரை மெல்ல விழுங்கிவிட்டது. ஒற்றையர் ஆட்டத்தில் அவளால் நானூறாவது இடத்துக்கு மேல் ஏற முடியவில்லை. பின்கோட்டில் நின்று ஓடும் வேகம் அவள் கால்களுக்கு வாய்க்கவில்லை. ஆனால் வலைக்கு முன் நிறுத்திவிட்டால் அவளைத் தாண்டிப் பந்து போகாது. இருபத்திரண்டாம் வயதில் ஒரு சிறு போட்டியில், துணையில்லாமல் நின்ற இன்னொருத்தியோடு அவளைச் சேர்த்துவிட்டார்கள். அவள் இரண்டு வயது இளையவள், குள்ளம், நிற்காத கால். பின்பாதி முழுவதும் தத்தித் தத்திப் பொறுக்கித் தின்னும் பறவை. குருவி என்று அவளை முதலில் அழைத்தவள் நெட்டைதான். முன்பாதி ஒருத்திக்கு, பின்பாதி ஒருத்திக்கு என்று ஆடுகளத்தை அன்று பங்கு போட்டுக்கொண்டார்கள். பதினோரு ஆண்டுகள் அந்தப் பங்கில் சச்சரவு வந்ததில்லை.

சச்சரவெல்லாம் விடுதி அறையில்தான். சுவரில் ஒரே ஒரு மின்செருகி. யார் தொலைபேசி முதலில் என்ற போர். திரைச்சீலைக் கம்பியில் காயும் காலுறைகள் யாருடையவை என்ற வழக்கு. நெட்டை விளக்கை அணைத்தால் குருவி போடுவாள். குருவி ஜன்னலைத் திறந்தால் நெட்டை மூடுவாள். காலையில் ஆடுகளத்துக்குப் போனதும் இருவருக்கும் உடம்பு ஒன்றாகிவிடும்.

இரட்டையர் ஆட்டக்காரிகளின் வாழ்க்கை ஓரக் களங்களில் கழிகிறது. நடுக்களத்தில் ஒற்றையர் ஆட்டம் முடிந்து கூட்டம் எழும்போதுதான் இவர்கள் உள்ளே வருவார்கள். "நம்ம ஆட்டம் ஆரம்பிச்சா போதும்டி, ஜனங்களுக்குப் பசி ஞாபகம் வந்துடும்" என்பாள் குருவி. ஆனாலும் ஒரு கோப்பையின்மேல் இருவருக்கும் ஆசை இருந்தது. இதே கடைசிப் போட்டியின் கோப்பைதான். இரண்டு முறை இறுதி ஆட்டம் வரை வந்தார்கள். முதல் முறை, கடைசிப் புள்ளியில் குருவியின் இரண்டு சர்வீஸும் வலையில் விழுந்தன. இரண்டாம் முறை குழந்தைகூட அடிக்கக்கூடிய பந்தை நெட்டை வலையில் அடித்தாள். "உன் பாவமும் என் பாவமும் சரியாப் போச்சு. அடுத்த தடவை கோப்பை நமக்குத்தான்" என்று குருவி அழுதுகொண்டே சிரித்தாள்.

அவர்களுக்கு ஒரு கைச்சாடை இருந்தது. இரட்டையர் ஆட்டத்தில், வலைக்கு முன் நிற்பவள் ஒவ்வொரு சர்வீஸுக்கு முன்னும் முதுகுக்குப் பின்னால் கையை வைத்துப் பின்னால் இருப்பவளுக்குச் செய்தி சொல்வாள். விரித்த கை என்றால், ‘நான் மறுபக்கம் பாயப்போகிறேன், நான் விட்டுப்போகும் இடத்தை நீ வந்து காத்துக்கொள்.’ மூடிய கை என்றால், ‘நான் நகரவில்லை.’ ஆடுகிறவர்கள் எல்லோருக்கும் இதுதான் வழக்கம். மூன்றாம் ஆண்டில், எதிரணியின் ஆள் ஒருவர் இவர்களுக்குப் பின்னால் உட்கார்ந்து கையைப் பார்த்து இருமிக் காட்டிக்கொடுப்பதை அண்ணன் கண்டுபிடித்தான். "திருப்பி வச்சுக்கங்க. மூடினா போ, விரிச்சா நில்லு. இருமி இருமி அந்த ஆளுக்குத் தொண்டை போகட்டும்" என்றான். அன்று மாலைக்குள் அந்த மனிதர் தம் அணியைத் தோற்கடித்துவிட்டார். அதன்பிறகு அவர்கள் சாடையைப் பழையபடி மாற்றவே இல்லை. உலகத்தில் மூவருக்கு மட்டும் தெரிந்த மொழியாக அது எட்டாண்டுகள் இருந்தது.

அந்த எட்டாண்டுகளின் நடுவில் அண்ணன் குருவியை மணந்தான். பெற்றோர் போனபின் பூட்டிக்கிடந்த வீட்டில் மாடியில் அவர்களும் கீழே நெட்டையுமாகக் குடிவந்தார்கள். அதற்கடுத்த ஆட்டத்தன்று, உடைமாற்றும் அறையில் குருவி ஒரு பெஞ்சின்மேல் ஏறி நின்றாள்.

"இனிமே நான் உனக்கு அண்ணி. அண்ணின்னா அம்மா மாதிரி. தலையைக் குனி, ஆசீர்வாதம் பண்றேன்."

"பெஞ்சு மேல ஏறினாத்தான் என் தலையே எட்டுது. இதுல அம்மாவாம்."

"வாயை மூடு. நல்லா இரு. நூறு வயசு இரு. வலையில மூக்கை மோதிக்காம இரு."

கேலியாகத் தொடங்கியது வழக்கமாகிப்போயிற்று. குருவிக்குப் பக்தி மிகுதி. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன்னால் புதுப் பந்து ஒன்றை எடுத்து இரு கண்ணிலும் ஒற்றிக்கொண்டு, சிறுமியாக இருந்தபோது மனப்பாடம் செய்த ஒரு துதியை முணுமுணுப்பாள். பன்னிரண்டு அடிப் பாட்டு. நடுவர் அழைக்கும் அவசரத்தில் ஏழெட்டு அடிக்குமேல் ஒருநாளும் போனதில்லை. "மிச்சத்தைச் சாமி அட்ஜஸ்ட் பண்ணிக்கும்" என்று பெஞ்சில் ஏறுவாள். கை தலைக்கு வரும். பிறகுதான் இருவரும் களத்துக்குப் போவார்கள்.

*

முந்தைய ஆண்டின் தொடக்கத்தில் குருவி உண்டாகியிருந்தாள்.

"ஒரு வருஷம். பெத்துப் போட்டுட்டு ஓடி வந்துடுவேன். அதுவரைக்கும் யாரோடயாவது ஆடிட்டு இரு. ஆனா கட்டிக்காத" என்றாள்.

"கட்டிக்க மாட்டேன். சும்மா சுத்திட்டு வரேன்" என்றாள் நெட்டை. இருவரும் சிரித்தார்கள். அந்தப் பேச்சு நெட்டைக்கு இப்போதும் சொல்லுக்குச் சொல் காதில் கேட்கிறது.

ஏழாம் மாதத்தில் குழந்தை தங்கவில்லை. அண்ணன் தொலைபேசியில் சொன்னபோது நெட்டை தொலைவில் ஒரு காலிறுதியில் இருந்தாள். மறுநாளே கிளம்பியிருக்கலாம். துணையாக வந்தவளைக் கைவிடக்கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஆடினாள்; அரையிறுதியும் ஆடினாள். நான்காம் நாள்தான் வீடு வந்தாள். எல்லாம் முடிந்திருந்தது. மாடியில் ஓர் அறை வெளிர்மஞ்சள் பூசிக் காத்திருந்தது. அதன் கதவைச் சாத்தியிருந்தார்கள். குருவி கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

இரண்டு மாதம் கழிந்து, ஒரு காலையில் குருவி பழைய ஷூவை இறுகக் கட்டிக்கொண்டு படியிறங்கி வந்தாள். முகம் வெளுத்திருந்தது; கண்ணில் மட்டும் ஏதோ திரும்பியிருந்தது.

"டாக்டர் ஓடலாம்னுட்டாரு. எப்போ ஆரம்பிக்கலாம்?"

நெட்டை குனிந்து அந்த ஷூவின் முடிச்சைப் பார்த்தாள். அதற்கு மூன்று நாள் முன்புதான் ஓர் இளையவள் வந்து கேட்டிருந்தாள். இருபத்திரண்டு வயது, இடக்கை ஆட்டம், பிளந்து எறியும் சர்வீஸ். அடுத்த ஆண்டு முழுவதும் சேர்ந்து ஆடலாம் என்றாள். தனக்கு இனி ஓராண்டு, மிஞ்சினால் ஒன்றரை ஆண்டு என்று நெட்டையின் முழங்கால் சொல்லிக்கொண்டிருந்தது. குருவி பழைய உடம்புக்குத் திரும்ப எத்தனை மாதமோ. அந்த இளையவளிடம் நெட்டை ஆகட்டும் என்று சொல்லியிருந்தாள்.

"சொல்றேன்" என்றாள் குருவியிடம்.

அன்று பிற்பகல், கீழறையில் உட்கார்ந்து தொலைபேசியில் எழுதினாள்: ‘அடுத்த வருஷம் முழுக்க இடக்கைக்காரியோட ஆட பேர் குடுத்துட்டேன். கோவிச்சுக்காத.’ அனுப்பினாள். தலைக்கு மேலே, மாடியில், செய்தி வந்து விழுந்த சிறு மணியோசை அவள் காதில் கேட்டது. காலடி எழும் என்று காத்திருந்தாள். எழவில்லை. நடுவில் இருந்தவை பதினோரு படிகள். கீழே இருந்தவள் ஏறவில்லை. மேலே இருந்தவள் இறங்கவில்லை.

அன்றிலிருந்து குருவி அவளோடு பேசுவதை விட்டாள். மட்டையையும் எடுத்துப் பரண்மேல் போட்டுவிட்டாள். ஒரே அடுப்படியில் சமைத்தார்கள். "சாறு ஆறிடும்" என்று குருவி சுவரிடம் சொல்வாள். நெட்டை எடுத்துக் குடிப்பாள். அண்ணன் நடுவில் நின்று இரு பக்கமும் பார்த்துக் களைத்துப்போனான்.

நெட்டை தன் மனத்துக்குள் ஒன்றை ஊன்றிக்கொண்டாள். இதுவே கடைசி ஆண்டு என்று அறிவித்துவிட்டாள். அந்தக் கோப்பையை வென்று கொண்டுபோய் மாடியில் குருவியின் முன்னால் வைத்துவிட்டால், தன் வாய்க்கு வராத சொல்லை அது சொல்லிவிடும். வெறுங்கையோடு அந்தப் படிகளில் ஏற அவளுக்குத் துணிவில்லை.

*

அரங்கில் பாதிக்குமேல் ஆள் இல்லை. காற்று எழுந்து அடங்கிக்கொண்டிருந்தது. முதல் செட் எதிரணிக்குப் போயிற்று; இரண்டாம் செட் இவர்களுக்கு. மூன்றாவதாக, இரண்டு புள்ளி வித்தியாசத்தோடு முதலில் பத்தைத் தொடுபவர்களுக்கு, அல்லது தாண்டுபவர்களுக்கு, ஆட்டம் என்ற நிலை வந்தது.

நெட்டை அந்த அளவுக்கு நன்றாக ஆடி நெடுநாளாயிற்று. வலைக்கு முன் அவள் மட்டை எங்கும் இருந்தது. இடக்கைக்காரி ஒவ்வொரு புள்ளிக்கும், "அப்படித்தான்க்கா! விடாதீங்க!" என்று தோளில் இடித்தாள். பக்கம் மாறித் தெற்குக்கு வந்தபோதெல்லாம், முதுகின் நடுவில் ஓரிடம் சூடாக இருப்பது போல நெட்டைக்குத் தோன்றியது. அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை. பார்த்தால் உடைந்துவிடுவோம் என்று அவளுக்குத் தெரியும்.

ஒன்பதுக்கு எட்டு. ஒரு புள்ளி எடுத்தால் கோப்பை. தெற்குப் பக்கத்திலிருந்து இடக்கைக்காரியின் சர்வீஸ். அவள் இடப்பாதியில் நின்றாள்; நெட்டை வலப்பாதியில், வலைக்கு முன்.

இடப்பக்கம் பாய்ந்துவிடுவது என்று நெட்டை முடிவு செய்தாள். எதிரே இருந்தவள் பதற்றத்தில் பந்தைக் குறுக்காகத்தான் திருப்புவாள். நடுவழியில் பாய்ந்து அதை அறுத்துவிடலாம். முடிவு செய்துகொண்டு கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். காற்று நின்றிருந்தது. பின்னால் பந்து இரண்டு முறை தரையில் தட்டிய ஓசை கேட்டது. பதினோரு ஆண்டுகள் கேட்ட ஓசை.

கை மூடிக்கொண்டது.

சர்வீஸ் பறந்து வந்தது. நெட்டை இடப்பக்கம் பாய்ந்தாள். பாய்ந்த அக்கணமே, பின்னால் காலடி எழவில்லை என்று காது சொன்னது. இடக்கைக்காரி நகராமல் அங்கேயே நின்றிருந்தாள். இருவரும் ஒரே பாதியில் இருந்தார்கள். மறுபாதி, கோட்டிலிருந்து கோடு வரை, யாருமில்லாமல் திறந்து கிடந்தது. எதிரே இருந்தவள் அதைப் பார்த்தாள். அவசரப்படாமல், வேகமில்லாமல், பந்தை அந்த வெறுமைக்குள் தள்ளிவிட்டாள். அது இரண்டு முறை எழும்பிக் கடைசிச் சுவரில் மெல்ல முட்டி நின்றது.

அடுத்த சர்வீஸுக்கு முன் இடக்கைக்காரி கைச்சாடையைப் பார்க்கவில்லை. அவள் கண் கலங்கியிருந்தது. அந்தப் புள்ளியும் போயிற்று. அதற்கு அடுத்ததும் போயிற்று. எதிரணியின் இருவரும் மட்டையை எறிந்துவிட்டுக் கட்டிக்கொண்டார்கள். கைகுலுக்கி முடிந்ததும் நெட்டை குனிந்து, வலையடியில் கிடந்த பந்தை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள். ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை.

உடைமாற்றும் அறையில் இடக்கைக்காரி துவாலைக்குள் முகம் புதைத்திருந்தாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கறேன். மூடின கைன்னா நிக்கறதுதானே?"

"ஆமா."

"நீங்க மூடித்தானே காமிச்சீங்க?"

"மூடித்தான் காமிச்சேன்."

"அப்புறம் ஏன் ஓடினீங்க? வருஷம் பூரா ஒரு தடவை தப்பினதில்லையே. இன்னிக்கா? அந்தப் புள்ளிக்கா?"

"என் தப்பு. முழுக்க என் தப்பு. உன் மேல ஒரு சொல்லு வராம நான் பார்த்துக்கறேன்."

"அதை வச்சு நான் என்ன பண்ண? அலமாரில அடுக்கவா?" என்றாள் இடக்கைக்காரி. சொன்ன வேகத்திலேயே எழுந்து வந்து, நெட்டையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு குலுங்கி அழுதாள். நெட்டை அவள் முதுகைத் தடவிக்கொண்டே நின்றாள். தான் அழவேண்டிய இடம் இது இல்லை என்று தோன்றியது.

*

நரம்பு கட்டும் அறையில் அண்ணன் சாமான்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தான். குருவி நரம்புச் சுருள்களுக்கு அருகே ஒரு மரப்பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள். கால் தரையைத் தொடவில்லை. நெட்டை வாசலில் நின்றுவிட்டாள்.

அண்ணன் கையிலிருந்த இடுக்கியை எங்கே வைப்பதென்று தெரியாமல் வைத்திருந்தான்.  பிறகு குருவி, சுவரிடம் அல்ல, நேராக அவளைப் பார்த்துச் சொன்னாள்:

"ஒன்பதுக்கு எட்டுல கையை மூடின."

பதினான்கு மாதத்துக்குப் பிறகு வந்த முதல் சொல். நெட்டை தலையசைத்தாள்.

"என்ன நெனச்சு மூடின?"

"எதையும் நெனைக்கல. பந்து தட்டற சத்தம் கேட்டுது. பின்னாடி நீதான் நிக்கறேன்னு கை எடுத்துக்கிச்சு."

குருவி குனிந்து தன் கால்களைப் பார்த்தாள்.

"நான் வலப்பக்கம் ஓடிட்டேன்" என்றாள்.

"என்ன?"

"ஏழாவது வரிசைல உக்காந்திருந்தேன்ல. உன் கை மூடினதைப் பார்த்தேன். அடுத்த நிமிஷம் எழுந்து வலப்பக்கம் ரெண்டு எட்டு வச்சிருக்கேன். பக்கத்துல ஒரு பெரியவர், அவர் காலை மிதிச்சு, அவர் காபியைத் தட்டிவிட்டு... ‘எங்கம்மா போற?’ன்னு கத்தறாரு. நான் என்னன்னு சொல்ல? அந்த இடம் காலியா இருக்குய்யா, நான் போகலேன்னா யார் போவான்னு சொல்லவா?"

அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். நெட்டை சிரிக்கத் தொடங்கினாள். அது சிரிப்பாக நிலைக்கவில்லை. கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கீழே சரிந்து உட்கார்ந்தாள்.

"குருவி, நான் ஏறி வந்து சொல்லியிருக்கணும்டி. பதினோரு படி. கோப்பையை எடுத்துட்டு ஏறலாம்னு..."

"கோப்பையை நான் கேட்டேனா? உனக்கு வயசாகுது, நான் காத்திருக்க மாட்டேன்னு மூஞ்சியைப் பார்த்துச் சொல்லியிருந்தா ரெண்டு அறை விட்டுட்டுச் சரின்னு இருப்பேன். வீட்டுக்குள்ள இருந்துக்கிட்டு மெசேஜ் அனுப்பின. அது இன்னும் போன்ல இருக்கு. அழிக்கல. கோவம் போயிடுச்சுன்னு நெனைச்சுக்காத."

"நெனைக்கல."

"அன்னிக்கு ஷூவைப் போட்டுக்கிட்டு ஏன் வந்தேன் தெரியுமா? ஆடறதுக்கு இல்ல. அந்த மஞ்சள் ரூமைத் தாண்டி எங்கயாவது போகணும். எனக்குப் போக வேற இடம் இல்ல. கோர்ட்டு ஒண்ணுதான். அதுல பாதி உங்கிட்ட இருந்துச்சு."

  குருவி குரலைத் தாழ்த்தினாள்.

"நீ அதைப் பார்க்கவே இல்ல. நாலாம் நாள் வந்த. இவர் பார்த்தாரு, நான் பார்த்தேன். இத்தனூண்டு விரல்." தன் சுண்டுவிரல் நுனியைக் காட்டினாள். "ரெண்டு கையும் மூடியிருந்துச்சு."

அண்ணனின் கையிலிருந்த இடுக்கி இயந்திரத்தின்மேல் பட்டு ஒலித்தது. அவ்வறையில் இருந்த மூவருக்கும் மூடிய கையின் பொருள் தெரியும்.  நெட்டை முழங்காலால் நகர்ந்து வந்து, அந்த மரப்பெட்டியின் ஓரத்தில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதாள். பார்க்காமல் போன அந்தப் பிஞ்சு விரல்களுக்காக, ஓராண்டு பிந்தி அழுதாள். குருவி தடுக்கவும் இல்லை, தேற்றவும் இல்லை. அருகில் இருந்தாள்.

வெளியே அரங்கைப் பெருக்கும் ஓசை வரிசை வரிசையாக இறங்கிவந்தது.

"பந்து இருக்கா?" என்று கேட்டாள் குருவி.

நெட்டை பையைத் துழாவி, வலையடியில் எடுத்த பந்தை எடுத்துக் கொடுத்தாள். அடிபட்டு மேலுறை தேய்ந்து, ஒரு பக்கம் ஈரமண் அப்பியிருந்தது. குருவி அதைத் தன் முந்தானை நுனியால் மெதுவாகத் துடைத்தாள். இரு கைகளிலும் ஏந்தினாள். கண்ணை மூடி, வலக்கண்ணில் ஒற்றினாள், இடக்கண்ணில் ஒற்றினாள். உதடுகள் அசைந்தன. ஏழாம் அடி வந்தது, எட்டாம் அடி வந்தது. இன்று அழைக்க நடுவர் இல்லை. பெயர் வைக்காமலே போன ஒன்றுக்காக, பன்னிரண்டு அடியையும் ஒரு சொல் விடாமல், முதன்முறையாகக் கடைசிவரை சொன்னாள். அண்ணன் ஒட்டுப்பட்டை சுற்றிய விரல்களைக் குவித்துக்கொண்டு நின்றான்.

துதி முடிந்ததும் பந்தை, நரம்பு கட்டாத ஒரு மட்டையின் நடுவில் வைத்தாள். பெட்டியிலிருந்து இறங்கினாள். நெட்டை தரையில் அமர்ந்திருந்ததால் இந்தமுறை பெஞ்சு வேண்டியிருக்கவில்லை. அந்தச் சிறிய கை, வழி மறக்காமல், அவள் தலைமேல் வந்து அமர்ந்தது.

"நல்லா இரு" என்றாள் குருவி. "நூறு வயசு இரு." கையை எடுக்காமலே சேர்த்துக்கொண்டாள்: "அப்பப்ப அந்தப் படியேறி வந்துக்கிட்டு இரு."